ஒன்றை மட்டும் நிறுத்து

கோயம்புத்தூர்

அன்புள்ள கயல்,

நீ கேட்ட கேள்விக்கு போனில் பதில் சொன்னால் அரைகுறையாக நிற்கும் என்றுதான் எழுதுகிறேன். ஒரு ப்ராசஸ் சிபியுவை முழுக்கத் தின்றுகொண்டிருக்கிறது, அதை மட்டும் எப்படி நிறுத்துவது என்று கேட்டாய். டீமில் கேட்டதற்கு "கில் மைனஸ் நைன் போடு" என்றார்களாம். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற எல்லோர் காதிலும் விழுகிற முதல் மந்திரம் அதுதான். கட்டளை தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் போடுகிறவர்கள்தான் நள்ளிரவில் மற்றவர்களையும் தூக்கத்திலிருந்து எழுப்புகிறார்கள்.

ஒரு ப்ராசஸை நிறுத்துவது சுலபம். பக்கத்தில் ஓடுகிற எதையும் கெடுக்காமல், பாதி எழுதிய கோப்பை அந்தரத்தில் விடாமல், ஐந்து நிமிடத்தில் அது மறுபடி எழுந்து வராமல் நிறுத்துவது கஷ்டம். அதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

முதலில், நிறுத்தத்தான் வேண்டுமா என்று பார். டாப் கட்டளையில் ஒரு ப்ராசஸ் 100 சதவீதம் என்று காட்டினால் சர்வரையே அது பிடித்துக்கொண்டதாகப் பயப்படாதே. லினக்ஸின் டாப்பில் 100 என்பது வழக்கமாக ஒரு கோர். 16 கோர் உள்ள சர்வரில் ஒன்று முழுதாக ஓடினால் மீதி 15 இன்னும் கையில் இருக்கின்றன. பிஎஸ் கட்டளை காட்டுகிற சிபியு சதவீதத்தையும் அப்படியே நம்பாதே. அது ப்ராசஸ் பிறந்ததிலிருந்து இந்த நொடி வரைக்குமான சராசரி. டாப் காட்டுவது கடைசிச் சில நொடிகளின் கணக்கு. காலையிலிருந்து சும்மா இருந்துவிட்டு இப்போதுதான் வெறிபிடித்து ஓடுகிற ப்ராசஸ், பிஎஸ்ஸில் சாதுவாகத் தெரியும்.

முன்னுரிமையைக் குறைத்தாலே போதும் என்கிற இடங்களும் உண்டு. ரீநைஸ் கட்டளையில் 19 கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு வழிவிட்டு, மிச்சமிருக்கிற நேரத்தில்தான் அது ஓடும். மாதக் கடைசி அறிக்கை ஒன்று மூன்று மணி நேரம் ஓடி, இன்னும் பத்து நிமிடத்தில் முடியப்போகிறது என்றால், அதைக் கொன்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டுவதில் யாருக்கு என்ன லாபம்?

சந்தேகமாக இருந்தால் கொல்லாமல் நிறுத்தி வை. கில் கட்டளையோடு ஸ்டாப் சிக்னலை அனுப்பினால் ப்ராசஸ் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும். கன்ட் சிக்னல் அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சர்வர் மந்தமானதற்கு இதுதான் காரணமா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உறைந்து நிற்கிற நேரத்திலும் அது பிடித்த பூட்டுகளும் திறந்த கனெக்‌ஷன்களும் அதன் கையிலேயே இருக்கும் என்பதை மட்டும் மறக்காதே. நிறுத்திவைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதே.

சரி, நிறுத்தியே ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அடுத்த கேள்வி, எதை? பிஎஸ் ஏயுஎக்ஸ் அடித்து, கிரெப்பில் பைத்தான் என்று தேடுவாய். ஏழெட்டு வரி வந்து விழும். அதில் ஒன்று நீ இப்போது அடித்த கிரெப்பே. மீதியெல்லாம் பைத்தான்தான். கெர்னலுக்குப் பெயர் பொருட்டே இல்லை. அது அறிந்தது பிஐடி என்கிற எண்ணை மட்டும். பெயரை வைத்து ஆளைத் தேடி, எண்ணை உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஒரு வரியைப் படித்துக் காட்டுகிறேன். பிஎஸ்ஸிடம் பிஐடி, தாய் ப்ராசஸின் எண், யூசர், தொடங்கிய நேரம், நிலை, முழுக் கட்டளை என்று ஆறு விவரங்களை மட்டும் கேட்டதாக வைத்துக்கொள். பிஐடி 48213. தாய் ப்ராசஸ் 1. யூசர் "ரிப்போர்ட்ஸ்". தொடங்கியது செவ்வாய் இரவு 11.30. நிலை "ஆர்". கட்டளை, பைத்தான்3, பின்னால் ஒரு ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதை, அதன் வாலில் மாதத்தின் எண். இந்த ஒரு வரியிலேயே கதை முழுக்க இருக்கிறது. சரியாக 11.30 என்றால் யாரோ உட்கார்ந்து அடித்த கட்டளையாக இருக்காது. நேரம் குறித்து ஓடுகிற ஏற்பாடு. தாய் 1 என்றால் சிஸ்டம்டியே அதைத் தொடங்கியிருக்க வேண்டும், அல்லது தொடங்கிய ப்ராசஸ் இறந்துபோய் இது அனாதையாகி 1ஆம் எண்ணிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். "ஆர்" என்றால் எதற்கும் காத்திருக்கவில்லை, நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. யூசர் பெயரிலிருந்து எந்த டீமிடம் கேட்க வேண்டும் என்று தெரிகிறது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் ப்ராக் டைரக்டரிக்குள் போ. அந்த எண்ணின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள எக்ஸ்இ என்ற இணைப்பு எந்த நிரல் ஓடுகிறது என்பதையும், சிடபிள்யூடி என்ற இணைப்பு எந்த டைரக்டரியில் நின்று ஓடுகிறது என்பதையும் காட்டும். ஒரே ஸ்கிரிப்ட் ஒரே பெயரில் சோதனைக்கு ஒன்றும் நிஜத்துக்கு ஒன்றுமாக ஓடும்போது இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த சிடபிள்யூடிதான். "8080 போர்ட்டை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்" என்பதுதான் உன் பிரச்சினை என்றால் பெயரைத் தேடி அலையாதே. எஸ்எஸ் கட்டளையிடமோ எல்எஸ்ஓஎஃப்பிடமோ போர்ட் எண்ணைக் கொடுத்துக் கேள், பிஐடியைச் சொல்லிவிடும். அடுத்தவர்களுடைய ப்ராசஸைப் பார்க்க ரூட் அனுமதி வேண்டியிருக்கும்.

இத்தனை எதற்கு, பெயரைச் சொன்னால் தானே தேடிக் கொல்கிற பிகில் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. 1998இல் சன் நிறுவனத்தின் சொலாரிஸ் 7இல் பிகிரெப், பிகில் இரண்டும் ஜோடியாக வந்தன. இன்று ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் உண்டு. வசதியானவை, அந்த வசதியில்தான் ஆபத்து. நீ கொடுக்கிற பெயர் எங்கே பொருந்தினாலும் அது பிடித்துக்கொள்ளும். ஜாவா என்று கொடுத்தால் ஜாவாசியும் சேர்ந்து போகும். மைனஸ் எஃப் சேர்த்துவிட்டால் முழுக் கட்டளை வரியிலும் தேடும். "ரிப்போர்ட்" என்று தேடினால் அறிக்கை ஓட்டுகிற ஸ்கிரிப்ட் மாட்டும், அதே கோப்பை விம்மில் திறந்து வைத்திருக்கிற உன் சீனியரின் எடிட்டர் மாட்டும், அதன் லாகை டெயிலில் பார்த்துக்கொண்டிருக்கிறவரும் மாட்டுவார். மைனஸ் எஃப் போடாவிட்டால் இன்னொரு சிக்கல்: பெயரின் முதல் 15 எழுத்துகளோடு மட்டுமே ஒப்பிடும், நீளமான பெயர் கண்ணில் படாமலே போய்விடும். பிகில் அடிக்கும் முன் அதே சொற்களை பிகிரெப்பில் அடித்து, யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொள். ஒரே ஓர் எண் வந்தால், அந்த எண்ணையே எடுத்து கில்லுக்குக் கொடு.

கில்ஆல் பற்றி ஒரு எச்சரிக்கை. லினக்ஸில் அது பெயர் சொன்ன ப்ராசஸ்களை மட்டும் நிறுத்தும். பழைய சொலாரிஸில் அதே கட்டளை, சர்வரை மூடும்போது எல்லா ப்ராசஸ்களையும் நிறுத்துவதற்கென்று வைத்திருந்தது. லினக்ஸ் பழக்கத்தில் ரூட்டாக அங்கே அதை அடித்தால் சர்வர் மொத்தமும் படுத்துவிடும். நீ சொலாரிஸ் பார்க்கப் போவதில்லைதான். ஆனாலும் ஒரே பெயர் எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்யும் என்று எண்ணிக்கொண்டு புது சர்வரில் உட்காராதே.

எண்ணைப் பற்றியும் ஒன்று. பிஐடி நிரந்தரமான அடையாளம் கிடையாது. ப்ராசஸ் முடிந்ததும் அந்த எண் விடுபட்டு, பின்னால் வேறொருவருக்குப் போகும். பல காலம் லினக்ஸில் வழக்கமான உச்ச எண் 32,768. ஒரு சுற்று முடிந்ததும் முதலிலிருந்து காலி எண்களைத் தேடும். 64-பிட் சர்வர்களில் இது 41,94,304 வரை போகலாம் என்பதால் ஆபத்து குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. காலையில் குறித்துவைத்த எண்ணை மாலையில் கில் செய்யாதே. அடிக்கும் அந்த நொடியில் பிஎஸ்ஸில் மறுபடி பார். எண்ணோடு தொடங்கிய நேரமும் ஒத்துப்போகிறதா என்று கவனி. நிரல் எழுதுகிறவர்களுக்காக இதற்கென்றே 2019இல் லினக்ஸ் 5.1இல் பிஐடிஎஃப்டி வழியாகச் சிக்னல் அனுப்பும் வசதியைச் சேர்த்தார்கள். கெர்னல்காரர்களே எண்ணை மட்டும் நம்பத் தயாராக இல்லை என்று இதிலிருந்து புரிந்துகொள்.

மூன்றாவது கேள்வி, அது யாருடையது? உன்னுடைய ப்ராசஸுக்குத்தான் உன்னால் சிக்னல் அனுப்ப முடியும். ரூட்டால் எல்லோருடையதற்கும் முடியும். கில் அடித்ததும் "அனுமதி இல்லை" என்று வந்தால், பெரும்பாலானவர்கள் அடுத்த வினாடி முன்னால் சூடோ சேர்த்து மறுபடி அடிக்கிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. அந்தச் செய்தி உனக்கு ஒரு தகவலைச் சொல்கிறது: இது வேறொருவருடைய வேலை. யாருடையது என்று கண்டுபிடித்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு சூடோவைத் தொடு. அர்த்தராத்திரியானாலும் கேள். எழுப்பியதற்குக் கோபப்படுகிறவர்களைவிட, எழுப்பாமல் அவர்கள் வேலையை நிறுத்தியதற்குக் கோபப்படுகிறவர்கள் அதிகம்.

அதோடு ஒட்டிய கேள்வி, அதை மறுபடி எழுப்பிவிடப் போவது யார்? கில் செய்தாய், போய்விட்டது, இரண்டு நொடியில் புது எண்ணோடு வந்து நிற்கிறது. மறுபடி கில், மறுபடி வருகிறது. பேய் பிசாசு எதுவும் இல்லை, சிஸ்டம்டியில் "ரீஸ்டார்ட் ஆல்வேஸ்" என்று எழுதிவைத்திருக்கிறார்கள். விழுந்தால் எழுப்பிவிடு என்பது அதற்கு இட்ட கட்டளை. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று அடித்து, பின்னால் பிஐடியைக் கொடுத்துப் பார். அந்த ப்ராசஸ் எந்த சர்வீஸுக்குச் சொந்தம் என்று அதுவே சொல்லிவிடும். இது தெரியாமல் பல வருடம் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்வீஸ் பெயர் தெரிந்ததும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் போடு, திரும்ப வராது. க்ரானிலிருந்து வந்தது என்றால் க்ரான் வரியை நிறுத்திவை. கன்டெய்னருக்குள் ஓடுகிறது என்றால் டாக்கரிடமோ குபர்னெட்டீஸிடமோதான் பேச வேண்டும்.

ஆள் யார் என்று தெரியும், சொந்தக்காரர் சம்மதித்துவிட்டார், எழுப்பிவிட யாரும் இல்லை. இப்போது கில் அடிக்கலாம். எண்ணை மட்டும் கொடுத்து, வேறு எதுவும் சேர்க்காமல் அடித்தால் போகிற சிக்னல் 15, அதாவது டெர்ம். கடைக்காரரிடம் "நேரமாச்சு, கடையைக் கட்டுங்க" என்று சொல்வது போன்றது அது. கல்லாவை எண்ணி, வெளியே இருக்கிற சரக்கை உள்ளே எடுத்துவைத்து, ஷட்டரை இறக்க அவருக்கு அவகாசம் கிடைக்கும். ஒரு நிரல் இந்தச் சிக்னலைப் பெற்றதும் கையிலிருக்கிற டேட்டாவை டிஸ்க்கில் எழுதும், தற்காலிகக் கோப்புகளை அழிக்கும், பூட்டுகளை விடுவிக்கும், கனெக்‌ஷன்களை மூடும், பிறகு தானாக முடியும். டெர்மினலில் நீ அடிக்கிற கன்ட்ரோல்-சி அனுப்புவது 2ஆம் சிக்னல். அதையும் நிரல்கள் இப்படித்தான் மரியாதையாக ஏற்றுக்கொள்ளும். கன்ட்ரோல்-இசட் இந்த வகை இல்லை. அது நிறுத்திவைக்கிறது, முடிப்பதில்லை. திரையிலிருந்து போய்விட்டதால் ப்ராசஸும் போய்விட்டது என்று நினைத்து, ஒரே ஸ்கிரிப்ட்டை நாலு தடவை உறங்கவைத்துவிட்டுப் போகிறவர்களை எல்லா ஆபீஸிலும் பார்க்கலாம்.

9 வேறு சாதி. நிரல் அதைப் பிடிக்க முடியாது, தடுக்க முடியாது, கண்டுகொள்ளாமல் இருக்கவும் முடியாது. உண்மையில் நிரலுக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. கெர்னலே ப்ராசஸை எடுத்துவிடுகிறது. மெமரியையும் திறந்த கோப்புகளையும் கெர்னல் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் பாதி எழுதிய அறிக்கை, டெம்ப் டைரக்டரியில் கிடக்கிற கோப்பு, "நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்கிற பூட்டுக் கோப்பு, இவை அப்படியே கிடக்கும். ராத்திரி நீ 9 போட்டாய், காலையில் அந்த ஸ்கிரிப்ட் "ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது" என்று சொல்லித் தொடங்க மறுக்கிறது என்றால், காரணம் அந்தக் கோப்புதான். பேக்கேஜ் அப்டேட் நடக்கிற நேரத்தில் டிபிகேஜியை இப்படிப் பாதியில் வெட்டினால், பாதி நிறுவிய பேக்கேஜ்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

15 அனுப்பியபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கேட்பாய். நம்மைவிட அனுபவசாலிகள் இதற்கு ஏற்கெனவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். யாரும் மாற்றாதவரை டாக்கர் ஸ்டாப் 15 அனுப்பிவிட்டு 10 நொடி பார்க்கும், குபர்னெட்டீஸ் 30 நொடி, சிஸ்டம்டி 90 நொடி. அதற்கும் அசையாவிட்டால்தான் 9. மூன்றும் வேறு வேறு ஆட்கள் எழுதிய கருவிகள், வரிசை ஒன்றுதான். காத்திருக்கும்போது கில்லில் சிக்னல் எண்ணாக பூஜ்யம் கொடுத்துப் பார். எதையும் அனுப்பாமல், அந்த எண்ணில் ப்ராசஸ் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும்.

டேட்டாபேஸ் என்றால் கில்லையே மறந்துவிடு. போஸ்ட்கிரெஸ்ஸை எடுத்துக்கொள். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் அது தனி ப்ராசஸ் வைத்திருக்கிறது. யாரோ எழுதிய ஒரு மோசமான குவெரி சிபியுவைத் தின்கிறது, டாப்பில் அதன் எண் பளிச்சென்று தெரிகிறது, கை 9க்குப் போகிறது. அடித்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு ப்ராசஸ் இப்படித் திடீரென்று செத்தால், எல்லோரும் பகிர்ந்துகொள்கிற மெமரியை அது என்ன நிலையில் விட்டுப் போனது என்று தாய் ப்ராசஸுக்குத் தெரியாது. அதனால் அது எந்த அபாயத்தையும் ஏற்காமல் மற்ற எல்லா கனெக்‌ஷன்களையும் துண்டித்து, மெமரியைப் புதிதாக அமைத்து, கிராஷ் ரெகவரியில் இறங்கும். ஒரே ஒரு குவெரியை நிறுத்தப் போய், பில் போட்டுக்கொண்டிருந்தவர், பணம் கட்டிக்கொண்டிருந்தவர் எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள். லாகில் "சிக்னல் 9" என்று உன் கைரேகை தெளிவாக இருக்கும்.

சரியான வழி டேட்டாபேஸின் உள்ளேயே இருக்கிறது. பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற பார்வையில் யார் எந்த குவெரியை எப்போதிலிருந்து ஓட்டுகிறார்கள் என்று பிஐடியோடு தெரியும். பிஜி கேன்சல் பேக்எண்ட் அந்த குவெரியை மட்டும் நிறுத்தி கனெக்‌ஷனை விட்டுவைக்கும். அது போதாதென்றால் பிஜி டெர்மினேட் பேக்எண்ட் அந்த ஒரு கனெக்‌ஷனை மட்டும் மூடும். மைஎஸ்க்யூஎல்லில் ப்ராசஸ்லிஸ்ட் பார்த்து அதன் சொந்த கில் வாக்கியத்தைப் பயன்படுத்து. ஒரு மென்பொருள் தன் வேலையை நிறுத்தத் தானே ஒரு வழி வைத்திருந்தால், அந்த வழியில்தான் போக வேண்டும். எஞ்சின்எக்ஸுக்கு க்விட் சிக்னல் அனுப்பினால் கையிலிருக்கிற வாடிக்கையாளர்களை முடித்தனுப்பிவிட்டு மூடும். அதே 3ஆம் எண் சிக்னலை ஜாவா நிரலுக்கு அனுப்பினால் அது முடியாது. தன் எல்லா த்ரெட்களும் எங்கே நிற்கின்றன என்று எழுதிக் காட்டிவிட்டுத் தொடர்ந்து ஓடும். தொங்கிப்போன ஜாவாவை நிறுத்தும் முன் அந்த விவரத்தை எடுத்துவைத்துக்கொள். மறுநாள் ஏன் தொங்கியது என்று கேட்பார்கள்.

தாயை நிறுத்தினால் குழந்தைகளும் போய்விடும் என்று நினைக்காதே. கன்ட்ரோல்-சி முன்னால் ஓடுகிற குழு முழுவதற்கும் போகும். கில் அந்த ஓர் எண்ணுக்கு மட்டும்தான் போகும். ஷெல் ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிட்டாய், அது தொடங்கிய ஆர்சிங்க் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பிஎஸ்ட்ரீயில் குடும்பத்தைப் பார்த்துவிட்டு முடிவுசெய். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்த எண்ணுள்ள குழு முழுவதற்கும் சிக்னல் போகும். இதில் விரல் தவறக் கூடாது. கழித்தல் 1 என்று கொடுத்தால் நீ தொடக்கூடிய எல்லா ப்ராசஸ்களுக்கும் போகும். ரூட்டாக 9ஐயும் சேர்த்து அப்படி அடித்தால் சர்வரில் 1ஆம் எண்ணைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சாது.

9 போட்டும் போகாத ப்ராசஸ்கள் உண்டு. பதறாமல் பிஎஸ்ஸில் நிலையைப் பார். "இசட்" என்றால் ஜாம்பி. அது ஏற்கெனவே இறந்துவிட்டது. அது எப்படி முடிந்தது என்ற குறிப்பைத் தாய் இன்னும் வாங்கிக்கொள்ளாததால் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது. சிபியுவும் தின்னாது, மெமரியும் தின்னாது. கவனிக்க வேண்டியது தாயை. "டி" என்றால் டிஸ்க்குக்கோ எங்கோ இருக்கிற என்எஃப்எஸ் சர்வருக்கோ காத்துக் கிடக்கிறது. அந்தக் காத்திருப்பு முடிகிறவரை 9 கூட வாசலில்தான் நிற்கும். 2008இல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்து இப்படிக் காத்திருக்கும் இடங்கள் சிலவற்றில் கொல்லும் சிக்னலுக்கு மட்டும் வழி விட்டிருக்கிறார்கள், எல்லா இடத்திலும் இல்லை. லினக்ஸ் இந்த "டி" ப்ராசஸ்களையும் லோடு ஆவரேஜில் சேர்ப்பதால், சிபியு சும்மா இருக்கும்போதே லோடு எகிறி நிற்கும். அப்போது பிரச்சினை ப்ராசஸில் இல்லை, ஸ்டோரேஜில். "டி" பெரிய எழுத்தில் இரண்டு இருக்கிறதே என்று குழம்பாதே: ஆங்கில அரிச்சுவடியில் நாலாவது எழுத்து நான் மேலே சொன்னது; இருபதாவது எழுத்து என்றால் யாரோ கன்ட்ரோல்-இசட் அடித்தோ ஸ்டாப் சிக்னல் அனுப்பியோ நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதற்கு அனுப்பிய 15 வரிசையில் காத்திருக்கும். கன்ட் கொடுத்ததும்தான் வேலை செய்யும்.

நிறுத்திய பிறகும் வேலை மீதி இருக்கிறது. போர்ட் விடுபட்டதா, பூட்டுக் கோப்பு போனதா, புது எண்ணில் எழுந்து வந்ததா என்று பார். முடிவுக் குறியீட்டையும் படிக்கப் பழகு. 143 என்றால் 128உடன் 15 சேர்ந்தது: சொல்லி நிறுத்தியது. 137 என்றால் 128உடன் 9. யாரும் 9 போடவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தால், டிமெசேஜைப் பார். மெமரி தீர்ந்துபோய்க் கெர்னலின் ஓஓஎம் கில்லரே அதை எடுத்திருக்கலாம். பிறகு டீமின் குழுவில் நாலு வரி எழுது: எந்த ப்ராசஸ், யாருடையது, எத்தனை மணிக்கு, என்ன சிக்னல், ஏன். நீ எழுதாவிட்டால் காலையில் யாரோ ஒருவர் தன் அறிக்கை ஏன் வரவில்லை என்று அரை நாள் தேடுவார்.

நீயும் ஸ்கிரிப்ட் எழுதப் போகிறாய். ஒருநாள் அதையும் யாராவது நிறுத்த வேண்டி வரும். ஷெல்லில் ட்ராப் என்று ஒரு வரி, பைத்தானில் சிக்னலுக்கு ஒரு சின்ன ஃபங்ஷன், இவ்வளவு போதும்: 15 வந்தால் தற்காலிகக் கோப்பை அழி, கனெக்‌ஷனை மூடு, வெளியேறு. கன்டெய்னருக்குள் ஓடப்போகிறது என்றால் இது கட்டாயம். அங்கே 1ஆம் எண்ணாக ஓடுகிற நிரல் 15க்கென்று ஏற்பாடு செய்திருக்காவிட்டால் கெர்னல் அந்தச் சிக்னலை அதற்குள் விடுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் 10 நொடி வீணாகக் காத்திருந்து 9இல்தான் முடியும். நிறுத்தச் சொன்னால் ஒழுங்காக நிற்கிற நிரலை எழுதுகிறவருக்கு டீமில் தனி மதிப்பு உண்டு.

இந்த வாரக் கடைசியில் உன் லேப்டாப்பில் இரண்டு டெர்மினல் திற. ஒன்றில் ஸ்லீப் 1000 ஓடவிடு. இன்னொன்றிலிருந்து அதன் எண்ணைக் கண்டுபிடித்து ஸ்டாப் அனுப்பு, பிஎஸ்ஸில் நிலை மாறுவதைப் பார். அப்படியே 15 அனுப்பு, ஒன்றும் நடக்காது. கன்ட் அனுப்பு, அப்போது முடியும். பிறகு 15ஐக் கண்டுகொள்ளாதே என்று ட்ராப் போட்ட ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, 15க்கு அது அசையாததையும் 9க்குப் போவதையும் பார். முடிவுக் குறியீடு 137 வருகிறதா என்று சரிபார். இவையெல்லாவற்றையும் உன் கண்ணால் பார்த்த பிறகு புரொடக்‌ஷன் சர்வரில் கை வை, கண்ணு.

அன்புடன்,
சித்தி